எல்லாக் கேள்விக்கும் ஆமாம்

சட்டக் கல்லூரி நான்காம் ஆண்டு விடுமுறையில், தூக்குத் தண்டனைக் கைதிகளைப் பற்றி ஆய்வு செய்யும் குழு ஒன்றில் எனக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்தது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. கொலைகாரனுக்கு வக்காலத்தா என்று கேட்ட அப்பா, இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மருங்காபுரிப் பக்கத்து ஆள் ஒருவருக்குக் கீழ்க் கோர்ட்டில் தூக்கு விதித்திருந்தார்கள். மேல்முறையீட்டில் அதை ஆயுளாகக் குறைக்கக் கேட்பதற்கு, அவர் வளர்ந்த கதையை அறிக்கையாகத் தரவேண்டும். பட்டினி, அடி, நோய் எல்லாமே உதவும். புத்தூர் ஆபீசில் சீனியர் அக்கா ஒரே ஒரு விதிதான் சொன்னார்: நமக்கு என்ன பதில் வேண்டும் என்பது வீட்டாருக்குத் தெரியவே கூடாது.

முதல் முறை வீட்டுக்குப் போனபோது, கைதியின் அம்மா எனக்கு டீ கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். சாப்பாட்டுக்குக் கஷ்டமா என்று கேட்டேன். பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கவில்லையாம். அப்பா அடிப்பாரா என்றால், தங்கமான மனுஷராம். பையன் நான்காம் வகுப்போடு நின்றதைப் பள்ளிக்கூடப் பதிவேட்டில் நானே பார்த்திருந்தேன். அவரோ நன்றாகப் படிக்கிற பிள்ளை என்றார். நல்ல குடும்பம் என்று தெரிந்தால் கோர்ட்டு இரங்கும் என்று நம்பினார். ஆனால் இவ்வளவு நன்றாக வளர்ந்தவன் ஏன் செய்தான் என்றுதான் கோர்ட்டு கேட்கும். அதைச் சொல்ல விதி விடாததால், அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.

மூன்றாவது முறை போனபோதும் அதே பாட்டு. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நல்லா வளர்த்தேன்னே சொல்லாதீங்கம்மா. கஷ்டத்தைச் சொன்னாத்தான் உங்க பிள்ளைக்கு நல்லது."

அவர் உடனே எழுதிக்கொள்ளச் சொன்னார். பட்டினியா? ஆமாம். அடித்தாரா? ஆமாம். தலையில் அடிபட்டதா, வலிப்பு வந்ததா? எல்லாம் ஆமாம். எனக்குச் சந்தேகம் வந்தது. சின்ன வயதில் மகன் கண் தெரியாமல் இருந்தாரா என்று, படிவத்திலேயே இல்லாத ஒன்றைக் கேட்டேன். அதற்கும் ஆமாம்.

"இன்னும் என்ன சொல்லணும்னு சொல்லுங்க. சொல்றேன்."

சீனியர் அக்கா படித்துவிட்டு, நான் சொல்லிக் கொடுத்தேனா என்று மட்டும் கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. வேறொருவரை அனுப்பிப் பார்த்தார்கள். அவருக்கும் ஆமாம்தான் கிடைத்தது. அந்த வீட்டில் பட்டினி இருந்திருக்கும், அடியும் இருந்திருக்கும். எது நிஜம் என்று இனி யாராலும் பிரிக்க முடியாதபடி நான்தான் கெடுத்தேன். அம்மாவின் வாக்குமூலம் இல்லாமலே அறிக்கை போனது. அந்த விதிமேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது. என்மேல் அதைவிட அதிகம்.

அறிக்கை போன அடுத்த வாரம் திருவானைக்காவலில் பஸ்ஸுக்கு நின்றபோது அந்த அம்மா போன் செய்தார். மகனைப் பற்றிக் கேட்கவில்லை, தீர்ப்பைப் பற்றியும் கேட்கவில்லை.

"நான் சொன்னதெல்லாம் சரியா இருந்துச்சுங்களா?"

"சரியா இருந்துச்சும்மா" என்றேன்.