பல்கத்தரி அறுத்த நூல்

கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே தையல் மெஷின் போட்டிருந்தவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பல்கத்தரி என்றால்தான் தெரியும். கத்தரிக்கோல் மடியில் கிடக்கும். நூலை மட்டும் முன்பல்லால்தான் நறுக்கென்று கடிப்பாள். அவள் கையை விட்டுப் போகும் துணியில் ஒரு பிசிறு தொங்கக் கூடாது. தெருவில் போகிறவர் சட்டையில் நூல் தெரிந்தாலும் நிறுத்திக் கடித்துவிட்டுத்தான் அனுப்புவாள். கட்டின புருஷன் சட்டையோ, கண்டக்டர் சட்டையோ, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான்.

கடித்துக் கடித்து ஒருநாள் அந்தப் பல் வேர் வரைக்கும் விரிசல் விட்டது. பல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, எடுத்தே ஆக வேண்டும் என்றார். எடுத்த குழியை அப்படியே விட்டால் சுற்றியுள்ள தாடை எலும்பு வேலையில்லாமல் தேய்ந்து, உதடு உள்ளே போய்விடும். பிறகு புதுப் பல் ஊன்றவும் பிடிமானம் இருக்காது. குழியில் எலும்புத் தூளை நிரப்பித் தைத்தால், சில மாதத்தில் சொந்த எலும்போடு சேர்ந்துகொள்ளும் என்றும் சொன்னார்.

இஸ்திரி போடுகிற புருஷன், ஒரு பல்லுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கூடப்பிறந்த அக்காதான் கண்ணுக்குள் வந்து நின்றாள். அக்காவுக்குப் பல்லெல்லாம் பிடுங்கி, தாடை கரைந்து, கன்னம் ஒட்டிப்போய், கட்டின பல்செட்டும் நிற்காமல் பேச்சு நடுவே கழன்று விழும். அன்றிலிருந்து வாயைக் கையால் மூடிக்கொண்டேதான் பேசுவாள். யார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், என் முகம் எனக்கு வேண்டும் என்று ஒருத்தி நினைப்பது மினுக்கல் இல்லை. எலும்பு வைத்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள், வைத்தும் கொண்டாள்.

தையலைத் தொடாதீர்கள், நானே பிரிப்பேன் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். தலையை ஆட்டிவிட்டு வந்தாளே தவிர, நாக்கு அங்கேயேதான் போய் நின்றது. ஈறில் ஒரு நூல் முனை நீட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பொறுத்தாள். மறுநாள் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள், கடைக் கண்ணாடியில் தற்செயலாக வாயைப் பார்த்தாள். பிசிறு! புத்தி எங்கே போனதோ, கை தன்பாட்டுக்குச் சின்னக் கத்தரியை எடுத்தது. முடிச்சை ஒட்டி நறுக்கினாள். முடிச்சு வழுக்கிப் பிரிந்தது. நாக்கில் மணல் மாதிரி நாலு துகள் தட்டுப்பட்டது.

துப்பவும் பயம், விழுங்கவும் பயம். மெஷினைக்கூட மூடாமல் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். பொத்திய கை அக்காவின் கை மாதிரியே இருப்பது வழியில் உறைத்ததும் கண் கலங்கிவிட்டது.

டாக்டரம்மா அவள் வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கை இழுத்துப் பிடித்துப் பார்த்தார்.

"நீங்க தச்ச துணிய நான் வந்து பிரிச்சா சும்மா விடுவீங்களா?"

"நூல் தொங்குச்சு, டாக்டரம்மா. பார்த்துட்டு எப்படி இருக்கறது?"

"வழுக்குற நூலுங்க இது. முடிச்சு அவிழாம இருக்கத்தான் வால் விட்டேன். நைலான் நூல்னா நீங்க விடமாட்டீங்களா?"

விடுவாள்தான். உள்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

"எலும்பு போயிருச்சா?"

"மேலாக் கொஞ்சம் போயிருக்கு. அடியில இருக்கு."

சுத்தம் செய்து, இன்னும் கொஞ்சம் நிரப்பி, மறுபடி தைத்தார். பிடிக்குமா என்பது இனிமேல்தான் தெரியும் என்றும் சொல்லிவைத்தார்.

புருஷன் கடைக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார். சட்டையைப் போட்டுப் பார்க்க முடியாமல் வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "நாக்கையும் கழட்டிக் குடு, பத்திரமா வச்சிருந்து தர்றேன்" என்று அவர் கிண்டலடித்தாலும், ராத்திரி சோற்றைக் குழைய வடித்து ஆறவைத்துத் தந்ததும் அவர்தான்.

மாதங்கள் போயின. எக்ஸ்ரே எடுக்கப் போகத் தனியாகத் தைரியம் வராமல் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து, எலும்பு பிடித்துவிட்டது, பல் ஊன்றலாம் என்றார். அக்கா படத்தை நம்பவில்லை. தங்கையின் மேலுதட்டில் விரலை வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழுத்தித் தடவினாள்.

"குழி விழலடி" என்று சிரித்தாள். வாயை மூடிக்கொள்ள மறந்துபோயிருந்தாள்.