பசை கொட்டிய லேப்டாப்

அந்த லேப்டாப்பை நான் வாங்கியபோதே அது நாலைந்து வருடம் உழைத்து முடித்திருந்தது. ஏதோ ஒரு கம்பெனி கழித்துவிட்ட மொத்தச் சரக்கோடு விருதுநகருக்கு வந்து சேர்ந்தது. கறுப்பு நிறம், நல்ல கனம், மூடியில் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த தடம். அப்போது நான் திருத்தங்கல்லில் ஒரு அச்சகத்துக்கு வீட்டிலிருந்தபடியே பட்டாசு லேபிள் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பெரிய கம்ப்யூட்டர் என்றால் பாதி மயில் வரைந்திருக்கும்போது திரை கறுத்துவிடும். பேட்டரி இருந்தால் போதும் என்றுதான் இதை வாங்கினேன்.

அச்சக முதலாளி அதைப் பார்த்துச் சிரித்தார். "என்னத்தா, அம்மிக்கல்லத் தூக்கிட்டு வந்துருக்க?"

அவருடையது புதிது, மெல்லிசானது. ஆறு மாதத்தில் அது நின்றுபோனது. இதை எங்கே திறப்பது என்றே தெரியவில்லை என்று உள்ளூரில் கைவிரித்துவிட்டார்கள். சென்னைக்கு அனுப்பினார். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது மிஷின் ஓடியது, உள்ளே அவர் சேர்த்து வைத்திருந்தது ஒன்றுகூட இல்லை. "எல்லாத்தையும் துடைச்சு அனுப்பிட்டாக" என்றார்.

அம்மா பல வருடம் பட்டாசு ஆலைக்குப் போனவள். முழங்கால் வலி வந்ததும் வீட்டிலேயே வெடிக்கான காகிதக் குழாய் சுருட்ட ஆரம்பித்தாள். அதே அறையில் நான் தரையில் ஒரு பலகை போட்டு அதில் லேப்டாப்பை வைத்து வேலை செய்வேன். அவள் அருகில் பசைச் சட்டி. பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் போட்டிருப்பார்கள், லேசாக நீலம் ஓடியிருக்கும்.

சீசன் சூடுபிடித்திருந்த ஒரு மத்தியானம். எம். புதுப்பட்டியில் இருக்கும் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்குப் பதினான்கு லேபிள் வரைந்து முடித்திருந்தேன். மறுநாள் காலையில் கொடுக்க வேண்டும். பத்து நாளாக சி.டி.யில் ஒரு பிரதி எடுத்து வைக்கவில்லை. சோம்பல்தான், வேறு காரணமில்லை. திடீரென்று மழை தூறியது. வெளியே காயும் குழாய்களை அள்ள அம்மா அவசரமாக எழுந்தாள். முழங்கால் பிசகித் தடுமாறியதில் கால் இடித்துச் சட்டி என் பலகைப் பக்கம் கவிழ்ந்தது. பசை முழுவதும் கீபோர்டின் மேல் வழிந்தது.

நான் கத்தினேனா என்று நினைவில்லை. ஒயரைப் பிடுங்கி, மிஷினைக் கவிழ்த்து, அடியில் இருந்த தாழ்ப்பாளை நகர்த்தி பேட்டரியைக் கழற்றினேன். நிமிர்ந்தபோது அம்மா வாசலிலேயே நின்றாள். குழாய்கள் மழையில் நனைந்துகொண்டிருந்தன.

"எல்லாம் போயிருச்சா தாயி?"

"தெரியலம்மா."

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.  மிஷினைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

விருதுநகர் வரைக்கும் அதை மடியில் கவிழ்த்தபடியே பிடித்திருந்தேன். துண்டு வழியாகப் பசை ஊறி என் சுடிதார் ஈரமானது. பக்கத்து இருக்கை அம்மாள், "என்ன, பிள்ளையா?" என்று துண்டை எட்டிப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினேன். முதலாளியின் துடைத்து அனுப்பப்பட்ட மிஷின்தான் வழி நெடுக ஞாபகத்தில் ஓடியது.

நான் அதை வாங்கிய கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கணவனும் மனைவியும் நடத்தினார்கள். அவர் சரக்கு எடுக்க ஊர் ஊராகப் போவார். கழற்றுவதும் மாட்டுவதும் அந்த அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். துண்டைப் பிரித்தவுடன் குனிந்து மோந்து பார்த்தார்.

"குழாய்ப் பசையா? துத்தம் போட்டதா?"

"ஆமாக்கா. நாளைக்கு லேபிள் கொடுக்கணும். எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு."

"தண்ணின்னா உள்ள ஓடியிருக்கும். பசை கெட்டி, மேலயே நின்னுருக்கும். கவுத்துப் பிடிச்சுத்தான வந்தீக?"

"ஆமா."

"அப்ப அழுகாதீக. முதல்ல உங்க லேபிளப் பாத்துருவோம்."

அழுதுகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மிஷினின் பக்கவாட்டில் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றி, மேஜை டிராயரை இழுப்பதுபோல ஒரு தட்டை வெளியே இழுத்தார். அதில் ஹார்ட் டிஸ்க் இருந்தது. ஒரு பொட்டுப் பசைகூடப் படவில்லை. ரேக்கில் என்னுடையதைப் போலவே ஐந்தாறு மிஷின்கள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து, அதே இடத்தில் அந்தத் தட்டைத் தள்ளினார். பட்டனை அமுக்கினார்.

திரை விழித்தது. நான் வைத்திருந்த அதே செம்பருத்திப் படம். ஃபோல்டரைத் திறந்தேன். மயில், குதிரை, தாமரை, சக்கரம். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பதினான்கும் இருந்தன.

"இருக்குக்கா" என்றேன். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சி.டி. போட்டு முதலில் ஒரு பிரதி எடுத்துக் கையில் கொடுத்தார்.

பிறகு அடிப்பக்கத்து ஸ்க்ரூக்களைக் கழற்றினார். எந்த ஸ்க்ரூ எதற்கு என்று அதன் பக்கத்திலேயே சின்னப் படம் போட்டிருந்தது. கீபோர்டு தட்டுபோல மேலே வந்தது, அடியில் நீலப் பசை அப்பியிருந்தது. போர்டின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதை ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷ்ஷால் பொறுமையாகத் துடைத்தார். செத்துப்போன இன்னொரு மிஷினின் கீபோர்டைப் பிடுங்கி என்னுடையதில் மாட்டினார். எழுத்துகள் தேய்ந்திருந்தன, அவ்வளவுதான்.

"செஞ்சவுக திறக்கணும்னு நெனச்சுச் செஞ்சுருக்காக. அதான் நமக்குச் சுளுவு" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில், ஏன் என் அம்மிக்கல் பிழைத்தது, முதலாளியுடையது ஏன் அப்படியானது என்று எனக்கு விளங்கிவிட்டது.

கடையிலிருந்தே முதலாளிக்குப் போன் செய்தேன். "அண்ணாச்சி, நாளைக்குக் காலைல கொண்டாந்துருவேன்." அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. "அதான தெரியும், எதுக்கு போன்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

வீடு சேர்ந்தபோது இன்னும் பொழுது இருட்டவில்லை. அம்மா ஒரு குழாய்கூடச் சுருட்டவில்லை, சாப்பிடவும் இல்லை. லேப்டாப்பைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். படம் படமாகப் பார்த்தாள். இத்தனை நாளும் என் பின்னாலேயே உட்கார்ந்திருந்தவள் என் லேபிள்களைக் கிட்டத்தில் பார்த்தது அன்றுதான்.

"அம்புட்டும் நீ வரைஞ்சதா?"

"ஆமாம்மா."

"குதிரைக்கு முழி நல்லாருக்கு" என்றாள். இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு அந்த மிஷின் இன்னும் சில வருடம் ஓடியது. ஃபேன் சத்தம் போட்டது, மாற்றினோம். மெமரி போதவில்லை, சேர்த்தோம். ஒருமுறை மூடியின் கீல் உடைந்து திரை சாய்ந்துவிட்டது. அக்காவுக்குப் போன் போட்டேன். "பஸ்ஸுல கீல அனுப்புறேன், நீங்களே மாட்டிருவீக" என்றார். கண்டக்டரிடம் பொட்டலத்தை வாங்கி வந்து, ஸ்க்ரூக்களைக் கழற்றிக் கழற்றி அம்மாவின் உள்ளங்கையில் வரிசையாக வைத்தேன். புதுக் கீலை மாட்டினேன். ஒரு மணி நேரத்தில் திரை நிமிர்ந்து நின்றது. அன்று சாயங்காலமே ஏழாயிரம்பண்ணை ஊரிலிருந்து வந்த ஆர்டர் ஒன்றை வரைய ஆரம்பித்தேன்.