துணைக்கு எடுத்த ஸ்கேன்

சகோதரிகளே, எனக்கு ஒரு வலி இல்லை, ஒரு காய்ச்சல் இல்லை. அப்படி இருந்த என்னிடம் 2010 ஜனவரியில் ஒரு டாக்டர், "வலது கிட்னில சின்னதா ஒரு கட்டி தெரியுதும்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் காதில் விழவில்லை. உதடு அசைவது மட்டும் தெரிந்தது. தண்ணீருக்குள் கிடந்து மேலே பார்ப்பது போல இருந்தது.

நான் அங்கே போனதே துணைக்குத்தான். கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீடு. அதற்கு முந்தைய வருடம் என் கணவரின் அண்ணன் குடல் புற்றுநோயில் மௌத்தானார். கண்டுபிடித்தபோதே முற்றிவிட்டது. சவூதியில் அண்ணனும் தம்பியும் பன்னிரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள். அதிலிருந்து இவருக்கு லேசாக வயிறு இரைந்தாலும் பயம். நன்றாக இருக்கும்போதே உடம்பு முழுவதையும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாம் என்று யாரோ சொல்ல, என்னையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனார்.

ஸ்கேன் அறை வாசலிலேயே அவர் நின்றுவிட்டார். "அந்தக் குழாய்க்குள்ள என்னால போவ முடியாது புள்ள."

"நானும் எடுத்துக்கிறேன் மச்சான். நான் மொதல்ல போறேன். ஒண்ணும் ஆகலன்னு பாத்துட்டு நீங்க வாங்க" என்றேன்.

உள்ளே ஒரே இரைச்சல். கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அந்தத் தடதடப்பு லாஞ்சுப் படகின் என்ஜின் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. எங்கோ முகத்துவாரத்தில் மிதந்து போகிறேன். உடம்பு இருப்பதே தெரியவில்லை. "யா அல்லாஹ், இவுங்களுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது." இது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவருடைய ரிப்போர்ட் சுத்தமாக இருந்தது. கட்டி என்னுடையதில்.

"நான்தான உன்ன இழுத்துட்டுப் போனேன்" என்று அவர் தேம்பினார்.

ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தது. சிதம்பரத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். பனிமூட்டத்தில் நடப்பது போல நாட்கள் நகர்ந்தன. தொழுதபின் கையேந்திக் கேட்கும் துஆவில் பிள்ளைகள் பெயர் வரும், அவர் பெயர் வரும், என் பெயர் வராது. எனக்கென்று கேட்க வெட்கமாக இருந்தது.

ஒரு நாள் விடியற்காலை சுபுஹ் தொழுகையில், ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்ததும் வாய் தானாகச் சொன்னது: "ரப்பே, நான் இருக்கணும். எனக்கு இன்னும் வாழணும்." எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேனோ. எழுந்தபோது அறை முழுக்க வெளிச்சம். நெற்றி பட்ட இடத்தில் முசல்லா விரிப்பு நனைந்திருந்தது. மனசில் பயத்தைத் தேடினேன், காணவில்லை.

கட்டியை மட்டும் எடுத்தார்கள். கிட்னி தப்பியது. புற்றுநோய்தான். ஆனால் எங்கும் பரவவில்லை.

டாக்டர் சொன்னார்: "இந்த ஸ்கேன்ல தெரியறது நெறைய பேருக்குக் கடைசில ஒண்ணுமே இல்லாம போயிடும். சும்மா பயந்து போயிடுவாங்க. அதனால எல்லாரும் எடுங்கன்னு நான் சொல்றதில்ல. உங்களுக்கு மட்டும் எப்படியோ சரியான நேரத்துல மாட்டிச்சு."

அந்த 'எப்படியோ'வுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் புகழும் அவனுக்கே.

இப்போது 2012. சொன்ன தேதியில் செக்கப்புக்குப் போகிறேன், நன்றாக இருக்கிறேன். அவரும் பயத்தை விட்டுவிட்டார். களைப்பாக இருந்தால் இப்போதெல்லாம் பகலிலும் படுத்துக்கொள்கிறேன். முன்பு அதைக்கூடக் குற்றமாக நினைப்பேன்.

வீட்டில் எல்லாருக்கும் துஆ கேட்டு முடித்து, கையை முகத்தில் தடவிக்கொள்ளும் சகோதரிகளே, கொஞ்சம் பொறுங்கள். உங்களுக்கும் கேளுங்கள். உங்கள் தேவை அல்லாஹ்வுக்குத் தெரியும். இருந்தாலும் அதை உங்கள் வாயால் கேட்பதில் அவனுக்குப் பிரியம்.