மாலை போட்டவருக்கு முடவாட்டுக்கால் சூப்

சூப்புக் கடை வைத்துவிட்டால் யார் தும்மினாலும் நம் நெஞ்சு பதறும். சோத்துக்கடை, டீக்கடை நடத்தும் அக்கா தங்கைகளே, உங்களுக்கும் அப்படித்தானே? குமாரபாளையத்தில் தறிப்பட்டறைகளுக்கு நடுவே, ஐப்பசி பிறந்ததும் கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கைச் சீவி, மிளகு சீரகம் தட்டிப் போட்டு சூப் விற்கிறேன். சளி பிடிப்பதற்கு முன்பே உடம்பைத் தேற்றிக்கொள்ள நினைப்பவர்கள்தான் வாடிக்கை.

கூடையில் என்ன?

அந்தக் கிழங்கின் மேல் பழுப்பு ரோமம் இருக்கும். பார்க்க ஆட்டுக்கால் மாதிரியே தெரியும். சபரிமலைக்கு மாலை போட்ட தறிக்காரர் ஒருவர் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு நாலடி தள்ளி நின்றார். தோலைச் சீவிக் கிழங்கைக் காட்டியபின்தான் உட்கார்ந்தார். ஒன்றுக்கு இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்: "எல்லாம் இருக்குதுங்க்கா, எலும்பு ஒண்ணுதான் கொறை!"

வீட்டில் போணி இல்லை

என் வீட்டுக்காரரும் தறிதான் ஓட்டுகிறார். போன குளிருக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இந்தக் கார்த்திகையில் அவரும் மாலை போட்டுக்கொண்டார். விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், வெறுங்கால் நடை. கண்டவர்கள் வாய்வைத்த டம்ளர் என்று என் கடைச் சூப்பையும் தொட மாட்டார்.

மாலை போட்டால் பெண்டாட்டியும் சாமி என்றுதானே கூப்பிட வேண்டும்? "சாமி, வெந்நீராவது வெக்கட்டுங்களா?" என்று கெஞ்சினேன். தலையில் அடுத்த சொம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "வெந்நீர்ல குளிச்சா ஐயப்பன் சிரிப்பாரு. உங்கம்மா அதுக்கு மேல சிரிக்கும்!"

புதுப் பாத்திரம்

ஒருநாள் பஜனையில் சரணம் சொல்லும்போதே இருமல் வந்து அவர் குரல் பாதியில் நின்றது. மறுநாள் கடை திறக்கவில்லை. வீட்டைக் கழுவி, தலைக்குக் குளித்து, புதுப் பாத்திரத்தில் பூண்டு வெங்காயம் இல்லாமல் சூப் வைத்தேன். அவரோடு மாலை போட்டவர்களையும் பூஜைக்குக் கூப்பிட்டேன். சூப்பை ஐயப்பன் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினேன். பிரசாதத்தை யாராவது வேண்டாம் என்பார்களா?

எல்லோரும் குடித்தார்கள். இவர் டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மடமடவென்று குடித்தார். அதிலிருந்து தினமும் பூஜை, தினமும் சூப். இருமாமல் மலையேறி இறங்கி வந்தார். மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம், இனி எந்தச் சாக்கில் சூப்பைக் குடிக்க வைப்பது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, அடுப்படியில் எட்டிப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "ஏனம்மிணி, இன்னைக்குப் பிரசாதம் இல்லீங்களா?"

ஊருக்கெல்லாம் காசு வாங்கிக்கொண்டு ஊற்றிவிடுகிறேன், கட்டினவருக்கு ஒரு டம்ளர் ஊற்றத்தான் கற்பூரம் ஏற்ற வேண்டியிருக்கிறது.