ஊசிக்கு முன்னால் ஒரு செபம்

ரத்தம் எடுக்கிறவளுக்கு ஆட்களின் முகம் மறந்துபோகும், முழங்கை மடிப்பு மட்டும் மறக்காது.

கண்டி டவுனில், மாடிப்படி ஏறி வரவேண்டிய ஒரு சின்ன லேப்பில் பதினொரு வருசமாக எனக்கு அதுதான் வேலை. காலையில் ஆறரைக்குக் கதவைத் திறந்தால், வெறும் வயிற்றோடு வந்தவர்கள் படியிலேயே வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பசி, பயம், கோபம் மூன்றும் ஒரே முகத்தில் இருக்கும். கவுண்டரிலோ கடையிலோ நின்று அடுத்தவர் எரிச்சலை வாங்கிக்கொண்டு சம்பாதிக்கிற உங்களுக்கு இதையெல்லாம் நான் விளக்கத் தேவையில்லை. நான் சொல்ல வந்தது வேறு கஷ்டம். நான் வேதக்காரி, கத்தோலிக்கம். முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்து, "உங்களுக்காக ஒரு செபம் சொல்லட்டுமா?" என்று கேட்க எனக்கு ஆசை. ஆசையைவிடப் பயம் பத்து மடங்கு. ஊசி குத்த ஒருநாளும் தயங்காத நான், இந்த ஒரு கேள்விக்குப் பின்வாங்குகிறேன். சிரிக்காதீங்க. உங்களில் பாதிப்பேருக்கு இதே வியாதி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பஞ்சை அமுக்கிப் பிடிங்க

எல்லாம் கட்டுகஸ்தோட்டையில் டயர் ஒட்டுகிற ஒருவரால் வந்தது. நாற்பது வயது இருக்கும். கிட்னிக்கு டெஸ்ட் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கையில் ரப்பர் பட்டியைக் கட்டும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கழுத்திலிருந்த குருசைக் கொஞ்சநேரம் பார்த்தார். "மிஸ், எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. ஒரு வாரமா தூக்கமில்ல. ஏதாவது சொல்லுங்களேன்" என்றார். அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். செபம் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் திரை பாதிதான் மூடியிருந்தது, வெளியே பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஊசியை எடுத்துவிட்டு, "பஞ்சை அஞ்சு நிமிசம் நல்லா அமுக்கிப் பிடிங்க" என்றேன்.

ரிப்போட்டை எடுக்க அவர் வரவே இல்லை. போன் பண்ணினோம், எடுக்கவில்லை. ரெண்டு மாசம் அந்த ரிப்போட் கவர் தட்டிலேயே கிடந்தது. அதைத் தாண்டித்தான் நான் தினமும் உட்கார என் கதிரைக்குப் போகவேண்டும். என்னவோ ஆகிவிட்டதா, பயத்தில் ஓடிவிட்டாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றைக்குக் கோபமில்லாமல் என்னைப் பார்த்து அவர் சொல்லிவிட்டுப் போனதுதான் தெரியும்: "சரி மிஸ், அதையாவது செய்றேன்."

சாப்பாட்டு மேசையில் ஒத்திகை

தவக்காலம் தொடங்கிய அன்றைக்கு ஒரு முடிவெடுத்தேன். உயிர்த்த ஞாயிறுக்குள், அந்த நாற்பது நாளில், ஒரே ஒருத்தரிடமாவது கேட்டுவிடுவது. இதைக் கேட்டு "இதென்ன பெரிய விசயம்?" என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் ஆட்களுக்குச் சொந்தமாகச் செபம் கட்டிப் பழக்கமில்லை. புத்தகம் இருக்கிறது, சாமியார் இருக்கிறார், அவர் தொடங்குவார், நாங்கள் முடிப்போம். அதனால் வீட்டுக்காரரைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, கையை நீட்டச்சொல்லி, "ஐயா, உங்களுக்காக ஒரு செபம்..." என்று பழகினேன். மூன்றாவது தடவை அந்த மனுசன் கையை இழுத்துக்கொண்டார். தபால் கந்தோரில் கிளார்க்காக இருப்பவர், எதிலும் வரப்போகிற கஷ்டத்தை முதலில் பார்க்கிறவர். அவர் சொன்னதைக் கேட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை: "ஒருத்தன் போனைத் தூக்கிப் பிடிச்சா போதும், மதம் மாத்துற நர்ஸுன்னு பொழுது சாயுறதுக்குள்ள நாடு பூரா ஓடும். நீ நர்ஸுகூட இல்ல."

வெறும் வயிறு

முதல் முயற்சி ஒரு சிங்கள டீச்சரிடம். பென்சன் எடுத்தவர், வெள்ளைச் சேலை, மெல்லிய கை. முகத்தைப் பார்த்தால் கடிக்கமாட்டார் என்று தோன்றியது. இவரிடம் முடியாவிட்டால் யாரிடமும் முடியாது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு, அம்மா என்று சிங்களத்தில் மரியாதையாகக் கூப்பிட வாயைத் திறந்தேன். "நோனா..." என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், தினமும் கேட்கிற கேள்வி ஒன்றைத் தவிர எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் பறந்துபோனது. "சாப்பிடாமத்தானே வந்தீங்க?" என்று கேட்டேன். தலையாட்டினார். மறுபடியும் மூச்சை இழுத்து, "நோனா..." என்றேன். மறுபடியும் சாப்பாடுதான் வந்தது. ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்த பிறகும் அதையே கேட்டேன் என்றால் பாருங்கள். அந்த அம்மா என் கையைத் தட்டிக்கொடுத்து, சிங்களத்தில் ரொம்ப அன்பாகச் சொன்னார்: "மூன்று தரம் கேட்டுவிட்டீர்கள் மகளே, நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை."

பரீனாவுக்கு எப்படி முடிகிறது?

கவுண்டரில் பில் போடுகிற பரீனா என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் ஒருநாளைக்கு எத்தனை பேரிடம் துஆ, அதாவது அவர்கள் செபம், கேட்கிறாள் என்று எண்ணினால் விரல் போதாது. மகனுக்குப் பள்ளிக்கூடச் சோதனை, உம்மாவுக்கு முழங்கால், அடுத்த தெருவில் யாருக்கோ ஒப்பரேசன், எல்லாவற்றுக்கும் மிச்சக் காசைக் கொடுத்துக்கொண்டே, "துஆ செய்ங்க ராத்தா" என்பாள். அவர்களும் "இன்ஷா அல்லாஹ்" என்றுவிட்டுப் படியிறங்குவார்கள். பஸ் நேரம் கேட்கிற மாதிரி அவ்வளவு லேசாகக் கேட்பாள். எனக்குப் பொறாமை. ஒருநாள் டீ குடிக்கும்போது என் வியாதியைச் சொன்னேன். அவள் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடியே யோசித்தாள். "நான் மத்தவங்கள்ட கேக்குறேன். நீங்க குடுக்கப் போறீங்க. கேக்குறவளுக்கு என்ன பயம்? குடுக்கத்தான் பயம், ரீட்டாக்கா."

மந்திரம் மாறிய கதை

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கழுத்தில் எங்கள் ஆட்கள் அணிகிற துணிப் பதக்கம், உத்தரியம், போட்டிருந்தார். அப்பாடா, நம்ம ஆள்! இவரிடம் கேட்கப் பயமில்லை என்று துணிந்து கேட்டேவிட்டேன். "சொல்லுங்க மகள்" என்று அவரும் கண்ணை மூடிக்கொண்டார். இப்போதுதான் வந்தது வினை. என்ன சொல்வது? நான் பிறந்ததும் அந்தப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில்தான். அங்கே சத்தமாகச் செபம் சொல்ல என்னைக் கூப்பிட்டதெல்லாம் செத்த வீட்டுக்கு மட்டும். படபடப்பில் மூளை வேலைசெய்யவில்லை, வாய் தனக்குப் பழகிய வழியில் போய்விட்டது. நித்திய இளைப்பாற்றி கேட்டுப் பாதிவரைக்கும் கணீரென்று சொல்லிவிட்டேன். பெரியவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

எனக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. உயிரோடிருக்கிற மனுசனுக்கு, அதுவும் சீனி டெஸ்டுக்கு வந்தவருக்கு, மோட்ச மந்திரம்! அவர் கையை நீட்டியபடியே சொன்னார்: "அது செத்தவங்களுக்கு மகள். முதல்ல சீனி எவ்வளவுன்னு பார்ப்போம், பொறகு முடிவு பண்ணலாம்."

முறைப்பாடு

இதைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. பெரியவர் கொடுத்த தைரியத்தில் அடுத்த வாரம் தெல்தெனியவிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். முதல் பிள்ளை வயிற்றில். முகமெல்லாம் வியர்வை. ஊசி நரம்புக்குள் இருந்தது, குப்பியில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது, அந்த நேரம் பார்த்துக் கேட்டேன். அவள் தலையாட்டினாள். நானும் ரெண்டு வார்த்தை சொன்னேன். என்ன அழகாக நடந்தது என்று சந்தோசப்பட்டுக்கொண்டே அன்றைக்கு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் அவளுடைய கணவர் வந்து முதலாளியிடம் நின்றார். தன் மனைவி பயந்துபோய்த் தலையாட்டியதாகவும், நான் ஏதோ ஓதிவிட்டதாகவும் சொன்னார். சண்டை பிடிக்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சுட்டது. எங்கள் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. கதவைச் சாத்திவிட்டு என்னை இருக்கச் சொன்னார். நான் அழுதேன். பிள்ளைகளின் டியூசன், வீட்டு வாடகை எல்லாம் கண்முன்னால் வந்தது. இன்னொரு முறைப்பாடு வந்தால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்றார். அது நியாயம். ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை: "ஊசி உள்ளுக்கை இருக்கேக்கை கேக்கிறது கேள்வியே இல்லை, பிள்ளை. அந்தப் பொம்பிளை எப்பிடி வேண்டாமெண்டு சொல்லும்?"

சத்தமாச் சொல்லுங்க

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் வாயே திறக்கவில்லை. குருசைக்கூடச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். உயிர்த்த ஞாயிறுக்கு நாலு நாள் இருக்க, பெரிய வியாழனுக்கு முந்தின நாள், கலகெதரயிலிருந்து ஒரு நானா வந்தார், முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். சாமான் கடை வைத்திருப்பவர், அறுபது தாண்டியவர். துண்டுச் சீட்டில் எழுதியிருந்த டெஸ்டைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது, புற்றுநோயைத் தேடுகிறார்கள். அவருக்கும் புரிந்திருந்தது. கை ஐஸ் மாதிரி. பயத்தில் நரம்பெல்லாம் உள்ளே ஓடி ஒளிந்துகொண்டது, இடது கையிலும் இல்லை, வலது கையிலும் இல்லை. அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. டயர் ஒட்டுகிறவரின் கவர் என் கண்ணுக்குள் வந்து நின்றது. முதலாளியின் கதவோ திறந்திருந்தது, அவர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் வேலை போகும். பேசாவிட்டால் இன்னொரு கவர். பிரிக்காத ஊசியை அப்படியே தட்டில் வைத்தேன். கையை விட்டேன். கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"நானா, நான் வேதக்காரி. உங்களுக்காக ஒரு செபம் சொல்லட்டுமா? வேணாம்னா வேணாம்" என்று காற்றுக்குக்கூடக் கேட்காமல் கேட்டேன். "சாப்பிடல்ல, சாப்பிடல்ல" என்றார். மறுபடியும் கேட்டேன். "அடையாள அட்டையா?" என்று சட்டைப்பையைத் தடவினார். மூன்றாம் தடவை காதுக்குக் கிட்டக் குனிந்து கேட்டேன். அவர் சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "கேளுங்க மகள், கேளுங்க. ஆனா சத்தமாச் சொல்லுங்க, எனக்குக் காது கேக்காது" என்றார்.

சத்தமாக! திரைக்கு அந்தப் பக்கம் அறை நிறைய ஆட்கள். பின்வாங்கவும் வழியில்லை. தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தினேன்: "ஆண்டவரே, இந்த நானாவுக்குப் பயமா இருக்கு. எனக்கும் பயமா இருக்கு. ரிப்போட் எப்படி வந்தாலும் இவரைக் கைவிட்டுறாதீங்க." முடிவில் சொல்லவேண்டிய பெயர், எங்கள் ஆண்டவருடைய பெயர் ஒன்று இருக்கிறதே, அங்கே வந்ததும் ஒரு கணம் நின்றுவிட்டேன். அதை விழுங்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அதையும் கத்தினேன். நானா தலையை ஆட்டி, அந்தப் பெயரை அவர்கள் சொல்கிற விதத்தில், "ஈஸா நபி, தெரியும் தெரியும்" என்றார். திரை இடுக்கில் பார்த்தால் ஒரு அம்மா போனை உயர்த்திப் பிடித்திருக்கிறார். எனக்கு உயிர் போய்விட்டது. பிறகுதான் தெரிந்தது, கண் மங்கலில் மணி பார்க்கிறார்.

முதலாளி திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். "கேட்டுத்தானோ செய்தவ?" என்று நானாவிடம் கேட்டார். "என்ன?" என்றார் நானா. முதலாளியும் கத்த வேண்டியதாயிற்று. "கேட்டாங்க, மூனு தரம் கேட்டாங்க. எனக்குத்தான் விளங்கல்ல" என்றார் அவர். முதலாளி தட்டைப் பார்த்தார். ஊசி பேப்பர்கூடப் பிரிக்காமல் கிடந்தது. திரும்பிப் போகிற போக்கில் சொன்னார்: "சரி பிள்ளை, இனி ரத்தத்தையும் எடும்."

ரிப்போட்

அன்றைக்கு நரம்பு கிடைத்தது. ஆனால் ரிப்போட் நல்லதாக வரவில்லை. கவரில் போடும்போது நான்தான் பார்த்தேன். நானாவின் மகன் வந்து வாங்கிப்போனார். அதற்குப் பிறகு, அவர் போடுகிற மாதிரி ஒரு வெள்ளைத் தொப்பி படியில் தெரிந்தாலே நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். "நீ கத்தின கத்துக்கு என்ன பலன்?" என்று வந்து கேட்டால் நான் என்ன சொல்வேன்? ஒருநாள் உண்மையிலேயே அவர் படியேறி வந்துவிட்டார். நான் உள்ளே ஸ்டோர் ரூமுக்குப் போய்க் குப்பிகளை அடுக்குகிற மாதிரி நின்றேன். பரீனா வந்து இழுத்துக்கொண்டு போனாள்.

நானா மெலிந்திருந்தார். பெரியாஸ்பத்திரியில் திங்கட்கிழமை ஒப்பரேசன் என்றார். "மன்னிச்சிருங்க நானா" என்றேன். எதற்கு என்று அவருக்கு விளங்கவே இல்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, தானாகவே என் கதிரைக்கு முன்னால் உட்கார்ந்து, அன்றைக்கு நீட்டிய அதே கையை மேசைமேல் வைத்துச் சொன்னார்: "இன்னொரு தரம் சொல்லுங்க மகள். கத்த வாணாம், மகன் காதுக்கு மெசின் வாங்கித் தந்தான்."

பதினொரு வருசமாக வருகிறவர்களுக்கெல்லாம் "ஒன்னுமில்ல, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று சொல்லியே குத்துகிற எனக்கு, இந்தக் கேள்வி மட்டும் ஒவ்வொரு தடவையும் ஊசியாகத்தான் குத்துகிறது.