இரண்டு அறைகள், ஒரே விடை

எங்கள் கணக்குப் பிரிவில் அவளுக்கு எட்டாம் தசமம் என்று பெயர். கோள்கள் எந்த நாளில் எங்கே இருக்கும் என்று அட்டவணை போடுவது எங்கள் வேலை. புதன் கோள் அவள் பொறுப்பு. தசமப் புள்ளிக்குப் பின் எட்டு இலக்கம் வரும்வரை நாற்காலியை விட்டு எழ மாட்டாள். அந்த அட்டவணைகளைத் தட்டச்சு செய்தவன் நான்.

புதன் லேசுப்பட்ட ஆளில்லை. சூரியனை ஒட்டி, ஈர்ப்பு பலமான இடத்தில், படுவேகமாக ஓடுகிறது. அங்கே பழைய ஈர்ப்பு விதி மட்டும் போதாது. அது சொல்வதைவிட இம்மி கூடுதலாக, ஒவ்வொரு சுற்றிலும் பாதை திரும்பிவிடும். நூறு வருடம் சேர்த்தாலும் அந்தக் கூடுதல் ஒரு பாகையில் ஏறக்குறைய எண்பதில் ஒரு பங்குதான். அந்த இம்மிக்காகத்தான் அவள் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள்.

தப்பு நேராமலிருக்க ஓர் ஏற்பாடு உண்டு. ஒரே கணக்கை இரண்டு பேர் இரண்டு அறைகளில் தனித்தனியே போட வேண்டும். விடை ஒத்துப்போனால்தான் அச்சுக்குப் போகும். இரண்டாவது அறையில் அவள் தங்கை. வேலைக்குச் சேர்த்துவிட்டதே அக்காதான். ஒரே வீட்டில் இருந்தாலும் கணக்கு நடக்கும்போது அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். தங்கை தினமும் அரை மணி முன்னதாகவே அலுவலகம் வந்துவிடுவாள். என்ன பொறுப்பு என்று மெச்சினோமே, எங்களைச் சொல்ல வேண்டும்!

பதினோரு வருடத்தில் இரண்டு தாள்களும் ஒருமுறைகூட முரண்பட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அவளுக்குச் சுரீரென்றது. வெள்ளிக்கிழமை கொடுத்த தாளில் அந்த இம்மித் திருத்தத்தைக் கூட்டுவதற்குப் பதில் கழித்திருந்தாள். திங்கட்கிழமை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"காய்ச்சலோட போட்ட கணக்கு, சொதப்பிட்டேன். நல்லவேளை, அந்த ரூம்ல என் தங்கச்சி இருக்கா. இந்நேரம் பிடிச்சிருப்பா."

பிரிவுத் தலைவர் இரண்டு தாள்களோடு வந்தார். "எட்டு இலக்கமும் அப்படியே ஒத்துப்போகுதும்மா. அச்சுக்கு அனுப்பிடலாமா?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. அதே தவறு, அதே எட்டு இலக்கம். தற்செயலாக நடக்கிற காரியமா? நேரே இரண்டாவது அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"என் டிராயரைத் திறந்தியா?"

தங்கை மழுப்பவில்லை. "வீட்ல மாத்துச் சாவி கிடந்துச்சு. முதல் மாசத்திலேருந்தே எடுத்துப் பார்த்துதான் எழுதறேன். எனக்கு இந்தக் கணக்கு பிடிபடவே இல்லக்கா. நீ என்னிக்கு தப்பு பண்ணியிருக்கே? உன்னை நம்பித்தானே..."

"நானும் உன்னை நம்பித்தாண்டி இருந்தேன்."

வாயை மூடிக்கொண்டு தாளை மட்டும் திருத்தியிருக்கலாம். அவள் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், தன் தவறையும் சேர்த்து. தங்கைக்கு வேலை போனது. "கூடப்பிறந்தவளையே காட்டிக்கொடுத்திட்டியே" என்று அம்மா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். யார் யாரைக் காட்டிக்கொடுத்தது என்று கேட்க எனக்கு நாக்கு நுனி வரை வந்தது.

பிறகு வேறு இரண்டு பேர் பதினோரு வருடக் கணக்கையும் முதலிலிருந்து போட்டார்கள். பதினான்கு தவறுகள் அகப்பட்டன, எல்லாம் அவளுடையவை. தட்டச்சு செய்த பட்டியலை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று முறை படித்தாள்.

"பார்த்து எழுதினதைக்கூட விட்டுத்தள்ளலாம்" என்றாள். "ஒவ்வொரு தடவையும் அட்டவணை அச்சாகி வர்ற அன்னிக்கு, இந்தத் தடவையும் ஒரு தப்புகூட இல்லடின்னு அவகிட்டதான் பெருமை அடிச்சுப்பேன். அவ கைதட்டுவா."