ஏழாங்கட்டை வளைவு, மாலை 6.40

நான் இதுவரை எழுதிய பேய்க் கதைகள் முப்பத்திநான்கு. எல்லாவற்றின் தலையிலும் 'உண்மைச் சம்பவம்' என்று போட்டிருக்கிறேன். ஒன்றுகூட உண்மை இல்லை. இது முப்பத்தைந்தாவது. இது நடந்தது. நடக்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று நான் நினைக்காத நாளில்லை.

2023 ஒக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை.

நோட்டன் பிரிட்ஜில் சின்னதாக ஒரு போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். பகலில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் என்று பிரதி எடுத்துக் கொடுப்பேன். கடை சாத்திய பிறகு பேய்களை எழுதுவேன். கொழும்பில் ஒரு வாரப் பத்திரிகையும், யூடியூப்பில் ஒலிக்கதை போடும் ஒரு சேனலும் என்னிடம் கேட்டு வாங்கிப் போடுகின்றன. என் பெயர் அதிகம் பேருக்குத் தெரியாது. கதைகள் தெரியும்.

அன்றைக்கு ஹட்டனில் எனக்கு ஒரு பேட்டி. வாழ்க்கையில் முதல் பேட்டி. எடுத்தவர் ஸஜ்ஜாத் என்ற இளைஞர். வாப்பாவின் துணிக்கடைக்கு மேல்மாடியில் கமெரா வைத்திருந்தார். இப்போது என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டார். மூடிப்போன தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நடக்கும் நாவல் என்றேன். சமீபத்தில் பார்த்ததில் பிடித்தது எது என்றார். ஒரு மலையாளப் பேய்ப் படத்தையும், தமிழில் குரல் மாற்றி வந்த ஒரு கொரியத் தொடரையும் சொன்னேன். இரண்டையும் தனியாகத்தான் பார்த்தேன், பயமே வரவில்லை, பயத்தை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தவனுக்குப் பயம் வராது என்று பெருமையடித்தேன். அந்த வீடியோ இன்னமும் இருக்கிறது.

கடைசியாக ஏழாங்கட்டை வளைவைப் பற்றிக் கேட்டார்.

அது ஜூன் மாதம் வந்த கதை. ஹட்டனிலிருந்து நோட்டனுக்கு வரும் பாதையில், ஏழாவது மைல்கல் வளைவில், பொழுது சாயும் நேரத்தில், ஒரு பெண் நின்று கை காட்டுவாள். தேயிலைக் கொழுந்தெடுப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்குத் துணியைத் தலையிலும் முகத்திலும் சுற்றியிருப்பாள். வண்டியை நிறுத்தியவர்கள் வீடு போய்ச் சேர மாட்டார்கள். நான்கு லட்சம் பேர் கேட்டார்கள். அந்தப் பக்கத்து டிரைவர்கள் எல்லோருடைய போனிலும் அது இருந்தது.

அப்படி ஒரு பெண் இருந்ததே இல்லை. ஒருமுறை அந்த வளைவில் பஸ் பழுதாகி அரை மணி நேரம் நின்றேன். பனி அழகாக இருந்தது. அவ்வளவுதான்.

"அது உண்மைதானா?" என்று கேட்டார் ஸஜ்ஜாத்.

"உண்மை," என்றேன். கமெராவைப் பார்த்துச் சொன்னேன்.

மாலை 6.05. கீழே கணேசமூர்த்தி ஆட்டோவோடு காத்திருந்தான். எங்கள் ஊர்க்காரன். என்னைவிட நாலைந்து வயது இளையவன். பாட்டுப் போடாமல் அவன் ஆட்டோ நகராது. அவன் வாயும் அப்படித்தான். அன்றைக்குப் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. பேட்டி எப்படிப் போனது என்றுகூடக் கேட்கவில்லை.

6.15. எதிரே ஒரு கொழுந்து லொறி ஹோர்னை விடாமல் அழுத்திக்கொண்டு வந்தது. கணேசமூர்த்தி ஓரம் கட்டினான். அது போன பிறகும் வண்டியை எடுக்காமல் கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஏழாங்கட்ட கத நெசந்தாங்களா?"

ஒரு வார்த்தை போதும். பொய்யப்பா, நான் கட்டினது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கமெராவுக்கு முன்னால் சொன்ன பெருமை இன்னும் இறங்கவில்லை.

"நெசந்தான்," என்றேன்.

அவன் வண்டியை எடுத்தான்.

6.30. மூடுபனி. தூறல். வைப்பர் கிர்ர்... கிர்ர்... என்று இழுத்தது. ரோட்டில் வேறு வண்டி இல்லை.

6.38. ஏழாங்கட்டைக்கு ஏறும் மேடு. அந்த இடத்தில் நாலைந்து நாய்கள் எப்போதும் படுத்திருக்கும். அன்று ஒன்றுகூட இல்லை.

6.40.

வளைவில் லைட் திரும்பியது.

ஒரு பெண்...

தலையிலும் முகத்திலும் படங்கு.

கையைத் தூக்கி ஆட்டினாள்.

நான் எழுதியது போலவே... இல்லை. நான் எழுதியவள் கால் அசையாமல் நின்றுதான் கை காட்டுவாள். இவள் தள்ளாடினாள். ஒரு காலில் செருப்பு இல்லை. அதை நான் எழுதவே இல்லை.

ஆட்டோவின் வேகம் குறைந்தது. கணேசமூர்த்தி பிரேக்கில் கால் வைத்திருந்தான்.

"நிப்பாட்டாதே."

அதைச் சொன்னது நான். அப்படி யாரும் இல்லை என்று உலகத்திலேயே நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள்.

"அண்ணே, அந்தப் புள்ள..."

"நிப்பாட்டாதே. போ!"

அவன் போனான்.

பக்கத்தில் கடக்கும்போது என் கையில் ஏதோ உரசியது.

ஈரத்துணி.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

7.05க்கு என் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. கணேசமூர்த்தி இஞ்சினை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான். பிறகு சொன்னான்.

"நான் ரெண்டாந்தடவ பாக்குறேன்ணே. ஒங்கள ஏத்த வரயில அஞ்சு இருவதுக்கும் அங்கதான் நின்னுச்சு. நல்ல வெளிச்சம். கைய கைய ஆட்டுச்சு. ஒங்க கதையத்தான் நெனச்சேன். நிப்பாட்டல."

மறுநாள் காலை கடை திறக்கும்போது ஊருக்கே தெரிந்திருந்தது.

அவள் பெயர் பூரணி. வயது முப்பத்தாறு. தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் கொழுந்தெடுப்பவள். வேலை விட்டு விறகு பொறுக்கப் போன இடத்தில் குளவிக்கூடு கலைந்து, குளவிகள் மொய்த்துக் கொட்டியிருக்கின்றன. இடுப்பில் இருந்த படங்கை அவிழ்த்துத் தலையிலும் முகத்திலும் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள். 5.10க்கு வளைவுக்கு வந்தவள் போகிற வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினாள். மேலே மலையில் நின்ற தோட்டத்துக் காவல்காரர் பார்த்திருக்கிறார். ஆறு வண்டி. ஒன்றும் நிற்கவில்லை. மெதுவானதுகூட இல்லை, அவளைக் கண்டதும் வேகம்தான் கூடியது என்றார். அவர் இறங்கி வந்து சேர 5.50. அப்போதே மூச்சில்லை. கொழுந்து லொறியை மறித்து ஏற்றி அனுப்பினார். 6.25க்கு ஆஸ்பத்திரி. செத்துத்தான் கொண்டுவந்தார்கள் என்று டொக்டர் எழுதினார்.

6.15க்கு நாங்கள் ஓரம் கட்டி வழிவிட்டது அவளுக்கு.

அப்படியென்றால் 6.40க்கு...

கணேசமூர்த்தி அதற்குப் பிறகு ஆட்டோவை விற்றுவிட்டான். என்னைக் கண்டால் மறுபக்க ரோட்டுக்குப் போய்விடுகிறான். கதையை எடுத்துவிடச் சொல்லிச் சேனலுக்கு மூன்று முறை எழுதினேன். இப்போதுதான் நன்றாகப் போகிறது என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை, ஒக்டோபர் 20, காலை 10.15. கடைக்கு ஒரு பெண் வந்தார். நனைந்த குடையை வாசலில் வைத்துவிட்டு ஒரு மரணச் சான்றிதழை நீட்டினார். பெயரைப் படித்தேன். பூரணி. வாய் திறக்காமல் வாங்கி மிசினில் வைத்தேன்.

அவர் பூரணியின் அக்கா வேலாயி. தலவாக்கலையில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. பேய்க் கதை எழுதுகிறவர் நான்தான் என்று ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஒரு சந்தேகம் கேட்க வந்திருக்கிறார்.

அன்றைக்கு 5.31க்குத் தங்கச்சி போன் பண்ணியதாம். யாரும் நிற்க மாட்டேனென்கிறார்கள், என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று அழுததாம். அதோடு லைன் போய்விட்டது. தன் போனைத் திறந்து காட்டினார். அதற்கு மேலே, அதே நம்பரிலிருந்து இன்னொரு அழைப்பு இருந்தது.

6.40.

"அந்நேரம் அவ போனு ஆஸ்பத்திரியில அவ கூடத்தாங்க இருந்துச்சு. நர்ஸம்மா சொன்னாங்க, யாரும் தொடலன்னு. எடுத்தேன். அவ பேசல. மழ சத்தம். ஒரு ஆட்டோ வர்ற சத்தம். மெதுவாச்சு. அப்பறம் ஒரு ஆம்பள சொன்னாரு, நிப்பாட்டாதேன்னு. ரெண்டு தடவ சொன்னாரு. இது என்னாங்க? ஒங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

மிசின் நின்றது. பிரதியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"எனக்குத் தெரியலைங்க," என்றேன்.

போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார். என் முகத்தைப் பார்த்தார். நீட்டிய தாளை வாங்கவில்லை.

"இன்னொருக்கா பேசுங்க," என்றார்.